நிலையங்களும் ஊரவரும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நிலையங்களும் வணிகரும் தாம் இருக்கும் ஊரோடு நல்லுறவு கொள்வது எங்ஙனம் என்பதே பேசும்படி எமக்குத் தரப்பட்ட விடயம். பொருளாதாரம் படிக்கும் மாணவர் என்பதனால் எம்மிடம் இதனைத் தந்தார்கள் போலும். ஆனால் இதற்குரிய சான்றுகளை நாம் பல்கலைக்கழகப் புத்தகங்களிற் பார்த்ததைவிட, மானிப்பாய் வீதியிலும் வண்ணார்பண்ணையிலும் சங்கக்கடை வாசலிலும் பார்த்ததே அதிகம். ஆதலால் அவற்றைக்கொண்டே பேசுவோம்.

இவ்விடயத்தைப் பற்றி நாலு பேரைக் கேட்டால் மூன்று பேர் நன்கொடையைப் பற்றியே சொல்வர். வங்கியொன்று தேர்த்திருவிழாவுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுக்கிறது. முதலாளியொருவர் பாடசாலைக்குச் சுற்றுமதில் கட்டிக்கொடுக்கிறார். தொலைபேசிக் கம்பெனி விளையாட்டுப் போட்டிக்கு மேற்சட்டை கொடுக்கிறது. சட்டையின் முன்னாலே கழகத்தின் பெயர் சிறிதாகவும், முதுகிலே கம்பெனியின் பெயர் பெரிதாகவும் இருக்கின்றன. இவற்றை நாம் இகழவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் தண்ணீர்தான். ஆனால் கொடுப்பதனால் நன்றி பிறக்கலாமேயன்றி, நம்பிக்கை பிறக்கும் என்று சொல்வதற்கில்லை. ஒரு நிலையத்தை ஊரார் தம்முடைய மொழியிலே, தம்முடைய இடத்திலே நின்று கேள்வி கேட்கக் கூடுமா? அந்நிலையத்தார் நாளை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டால் ஊராருடைய கையில் எது மிஞ்சும்? இவ்விரண்டு கேள்விகளையும் கையிற் பிடித்துக்கொண்டு சில வரலாறுகளைப் பார்ப்பதே இன்று எமது எண்ணம்.

முதலில் மிகப் பழைய சங்கதி ஒன்று. எம்முடைய வீதியோரங்களில் இன்றும் சில சுமைதாங்கிகள் நிற்கின்றன. ஆவுரோஞ்சிக் கற்களும் கேணிகளும் மடங்களும் உள்ளன. பருத்தித்துறையிலே வீதியையே தன் கூரைக்குள் அடக்கி நிற்கும் தெருமூடிமடத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது தமிழர் வழக்கம். வீட்டின் துயரம், தலைச்சுமையோடு சந்தைக்குப் போகின்ற முன்பின் தெரியாத ஒருத்திக்கு ஆறுதலாக மாறியது. அதைக் கட்டியவருக்கு வீதியாற் போகிறவர் எவ்வளவு தூரம் நடந்து வருகிறார், எந்த இடத்தில் அவருக்குக் கழுத்து வலிக்கும் என்பது தெரிந்திருந்தது. இக்காலத்து நன்கொடையாளர் பலருக்கு இந்த ஓர் அறிவுதான் இல்லை. எங்கே வலிக்கிறது என்று கேளாமலே மருந்து கட்டுகிறார்கள்.

இனி, மிஷனரிமாருடைய வரலாற்றுக்கு வருவோம். நாம் பயின்றது மிஷன் பாடசாலையொன்றில் என்பது இச்சபையில் அநேகருக்குத் தெரியும். இந்து வாலிபர் சங்கத்து மேடையில் ஏறிப் பாதிரிமாருக்கு வக்காலத்து வாங்க வந்தோமோ என்று எவரும் ஐயுற வேண்டாம். அவர்களைத் திட்டவும் வரவில்லை. அந்நியரான ஒரு கூட்டத்தார் தமக்கு முன்பின் பழக்கமில்லாத ஊரொன்றில் நிலையம் அமைத்து, எதிலே வென்றார்கள், எதிலே தோற்றார்கள் என்பதைப் பார்க்க இதனினும் நல்ல உதாரணம் எமக்கு அண்மையில் இல்லை.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இருந்த பழைய தேவாலயக் கட்டடங்களைத் திருத்திக் குடியேறினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிற் பெண் பாடசாலையும் தோன்றின. தொடக்கத்தில் அவர்களுக்குப் பெரிய இடையூறாக நின்றது சமயவாதமன்று, சோறு! மிஷன் வளவிலே சமைத்ததைப் பிள்ளைகள் உண்ணமாட்டோம் என்றார்கள். விடுதி நடத்த வந்தவர்களுக்கு இது சிறிய விடயமா? ஈற்றில் அயலிலிருந்த சைவர் ஒருவருடைய காணியிலே அடுக்களை அமைத்துச் சமைக்க இணங்கவேண்டியதாயிற்று. இதனை மிஷனாரின் பொறுமைக்குச் சான்றாகச் சொல்வாரும் உண்டு. சாதிக்கு அவர்கள் பணிந்தமைக்குச் சான்றாகச் சொல்வாரும் உண்டு. இரண்டும் உண்மையென்றே எமக்குத் தோன்றுகிறது. அந்த இரண்டாம் பகுதிக்குப் பின்னர் வருவோம்.

இப்பொழுது மானிப்பாய்க்குப் போவோம். 1847ஆம் ஆண்டில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர், 25 வயதை ஒட்டிய இளைஞராய், யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டில் மானிப்பாயிலே தமது வைத்திய வேலையை நிலைப்படுத்தினார். நோயாளருக்கு மருந்து கொடுத்தார் என்பது பெரிய புதுமையன்று. அவருக்கு முன்னரே ஸ்கடர் என்ற வைத்தியர் பண்டத்தரிப்பிலிருந்து மருந்து கொடுத்தவர். அவருக்கும் முன்னரே எம்முடைய பரம்பரை வைத்தியர்கள் ஏடும் குளிகையுமாக ஊரூராக இருந்தவர்கள். கிறீன் செய்த புதுமை, தாம் கற்ற வித்தையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தமை. அதிலும் பெரிய புதுமை, அதனைத் தமிழிலே கற்பிக்கத் துணிந்தமை.

தொடக்கத்தில் அவரும் ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். படித்து முடித்த இளைஞர் என்ன செய்தனர்? ஆங்கிலம் தெரிந்த வைத்தியருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. ஊரிலே நெல்லையும் தேங்காயையும் கூலியாக வாங்கிக்கொண்டு இருப்பதற்கு அவர்களுக்கு மனம் வருமா? வித்தை மானிப்பாயிலே விளைந்தது. அறுவடை வேறிடத்துக்குப் போயிற்று. இதனைக் கண்ட கிறீன், 1864 முதல் வைத்திய வகுப்பைத் தமிழிலே நடத்தலானார். தமிழிற் படித்தவன் தமிழ் ஊரிலே தங்குவான் என்பது அவருடைய கணிப்பு. அவரிடம் பயிற்சி பெற்ற வைத்தியர் 60 பேருக்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலே கற்றவர்கள்.

தமிழிற் கற்பிப்பது என்பது சொல்லுக்கு எளிது. புத்தகம் எங்கே? சொல் எங்கே? கிறீன் முதலில் தாம் தமிழ் கற்றார். பின்னர்த் தம் மாணவரையும் தமிழ் வல்லாரையும் துணைக்கொண்டு மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என்று அவை ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறின. எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களைத் தாண்டும். ஒரு பொருளுக்குத் தமிழிலே பெயர் உண்டா என்று முதலிற் பார்ப்பது, இல்லையேல் வடமொழியிற் பார்ப்பது, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைய எழுதிக்கொள்வது என்று ஓர் ஒழுங்கையும் கைக்கொண்டனர். ‘கெமிஸ்திரி’ கெமிஸ்தமானது இவ்வழியாலேதான். சொல்லாக்கம் பற்றி இன்றும் மாநாடு கூட்டுகின்ற எம்மவர், அந்தச் சொற்றொகுதிகளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கூட்டினால் நேரம் மிச்சமாகும்.

தம்மிடம் படிப்பவர்கள் காற்சட்டையும் மேலங்கியும் அணிந்து வேற்று மனிதராய் மாறிவிடுவதை கிறீன் விரும்பவில்லை. தமிழ் வைத்தியன் தமிழனுடைய உடையோடும் நடையோடும் நோயாளியின் திண்ணையில் இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவர் கிறிஸ்தவ சமயத்தைப் பரப்பவே வந்தார், அதனை மறைத்ததுமில்லை. 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். போனபின்னும் அமெரிக்காவில் வூஸ்டர் நகரத்திலிருந்து தமிழ் நூல்களின் வேலையைத் தொடர்ந்தார். 1884இற் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்பதே அவருடைய கல்லறையிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. மானிப்பாயிலே அவர் பெயரால் வைத்தியசாலை இன்றும் உண்டு.

நாம் முதலிற் கேட்ட இரண்டு கேள்விகளையும் இங்கே வைத்துப் பாருங்கள். மருந்தின் பெயரையும் நோயின் பெயரையும் தமிழிலே சொன்னபடியால் நோயாளியின் தாய், ‘இது ஏன்? இது எதற்கு?’ என்று வைத்தியரைக் கேட்கக் கூடியதாயிற்று. கிறீன் கப்பலேறியபின்னும் அவருடைய மாணவர் ஊர்களிலே இருந்தார்கள். ஊருக்குக் கிடைத்தது மருந்துப் போத்தல் மாத்திரமன்று, வித்தையும் கிடைத்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை நாமே எழுப்பவேண்டும். ஊரார் விரும்பியது தமிழா? உண்மை சொல்வதானால், அநேகர் விரும்பியது ஆங்கிலம். 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்து பார்த்த மிஷன் மேலாளர், ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு ஏணியாகிவிட்டதேயன்றி மிஷனின் நோக்கத்துக்கு உதவவில்லை என்று கண்டபின் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. ஊராருக்கு அது பெரிய மனக்குறை. பழைய மாணவரும் ஊர்க் கிறிஸ்தவரும் முயன்றதன் பயனாக 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. மறுபுறம், 1870இற் கொழும்பிலே தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. அரசாங்கச் சம்பளம் அந்த வழியிலே இருந்தது. கிறீனுக்குப் பின் தமிழ் வைத்திய வகுப்புத் தளர்ந்து மறைந்ததற்கு மிஷனை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. தமிழிலே படித்த வைத்தியனுக்குத் தமிழர் கொடுத்த மதிப்பு, ஆங்கிலத்திலே படித்தவனுக்குக் கொடுத்ததிலும் குறைவாயிருந்தது. நிலையம் ஊருக்கு நல்லது செய்ய நினைக்கிறது. ஊர் வேறொன்றை விரும்புகிறது. அப்பொழுது செய்யத்தக்கது யாது? இதற்கு ஒரே விடை உண்டென்று சொல்பவரை நாம் நம்புவதில்லை. ஊரோடு இருந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதே. செமினரியை மூடியவர்கள் தீர்மானத்தைக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். கல்லூரியைக் கேட்டவர்கள் காசையும் கையிற் கொண்டுவந்தார்கள். இரண்டில் எது வேரூன்றியது என்பது உங்களுக்குத் தெரியும்.

கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிலே நல்லூரிற் பிறந்தவர் ஆறுமுக நாவலர். மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கே பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர் அவர். மிஷனாருடைய வழிகள் ஊராரிடத்தில் எப்படி வேலைசெய்கின்றன என்பதை உள்ளேயிருந்து கண்டவர். 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சுக்கூடமும் பாலபாடமும் தொடர்ந்தன. பிரசங்கம், பாடசாலை, அச்சுக்கூடம் ஆகிய மூன்று கருவிகளையும் எதிரியிடமிருந்தே எடுத்து எதிரியை மறித்தார் என்று சொல்லலாம். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்ததையும் ஊர் மறக்கவில்லை.

அந்தச் சிவன் கோயிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியிலே அதனை எடுப்பித்தவர் வைத்திலிங்கச் செட்டியார் என்ற வணிகர். வியாபாரத்திலே ஈட்டியதைக் கோயிலாக்கினார். அரை நூற்றாண்டுக்குப் பின், அவர் கனவிலுங் கண்டிராத ஒரு காரியத்துக்கு அக்கோயில் மண்டபம் மேடையாயிற்று. வணிகர் ஊருக்குச் செய்வதில் மேலானது, ஊரார் கூடிப் பேசுவதற்கு ஓர் இடம் செய்துகொடுப்பது என்று இதனாற் கொள்ளலாமோ என்று எமக்கு ஓரெண்ணம்.

மிஷனார் தோற்ற இடத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு கையால் மருந்து கொடுத்தவர்கள் மறுகையாற் சைவத்தை நிந்திக்கும் துண்டுப்பிரசுரங்களைக் கொடுத்தார்கள். எம் முன்னோர் என்ன செய்தார்கள்? மருந்தை வாங்கிக் குடித்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பிரசுரத்தைக் கொட்டிலிற் செருகிவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். இதைக் கள்ளத்தனம் என்று சில பாதிரிமார் குறைப்பட்டனர். எமக்கோ இது விவேகமாகவே படுகிறது. உதவி செய்வதனால் மனிதனுடைய மனச்சாட்சியையும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று எண்ணுகிறவன் எவனாயினும், அவன் ஊராரைக் குறைவாக மதித்துவிட்டான்.

இதுவரை ‘ஊர்’, ‘ஊரார்’ என்று பலமுறை சொல்லிவிட்டோம். எந்த ஊரார்? சைவர் காணியிலே அடுக்களை கட்டியபோது மிஷனார் திருப்திப்படுத்தியது ஊரின் ஒரு பகுதியாரை. அந்த அடுக்களையின் வாசலுக்கே வரமுடியாத பிள்ளைகளும் அதே ஊரிலேதான் இருந்தார்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று அரசாங்கம் பணித்தபோது, எங்கள் குடாநாட்டிலே சில பாடசாலைகள் தீக்கிரையாயின. தீ வைத்தவரும் ‘ஊரார்’ என்ற பெயரிலேயே தீ வைத்தனர். சம ஆசனத்தை ஆதரித்து நின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாரும் ஊராரே. அவர்களுள் சைவரும் கிறிஸ்தவரும் இருந்தனர். ஆகவே, ‘எங்கள் நிலையத்துக்கும் ஊருக்கும் நல்ல ஒற்றுமை’ என்று எவரேனும் பெருமை பேசினால், அந்த ஒற்றுமைக் கூட்டத்திலே பாயில் இருந்தவர் யார், முற்றத்திலே நின்றவர் யார், அழைக்கப்படாதவர் யார் என்று கேட்கவேண்டும். எமது சங்கத்தையும் சேர்த்தே சொல்கிறோம்.

இனி வணிகர்பால் வருவோம். ஊர்க் கடையிலே கடன் கொப்பி என்று ஒன்று உண்டு. புகையிலை விற்கும் மட்டும் அரிசியும் மாவும் சீனியும் கடனாகப் போகும். விற்றதும் கணக்குத் தீரும். அந்தக் கொப்பி பல குடும்பங்களைக் காத்தது. சில குடும்பங்களின் தோட்டக் காணியையும் விழுங்கியது. ஒரே பொருள் இரண்டு வேலையும் எப்படிச் செய்கிறது? வேறுபாடு கொப்பியைத் திறந்து பார்ப்பதிலே இருக்கிறது. வாங்கியவள் தன் பக்கத்தை வாசித்துப் பார்த்து, ‘தம்பி, சித்திரை மாசம் நான் சீனி வாங்கேல்லையே’ என்று சொல்ல முடிந்த கடையிலே உறவு இருந்தது. எழுத்துத் தெரியாதவள் கைநாட்டு வைத்த கடையிலே கடன் மட்டுமே இருந்தது.

இங்கிலாந்திலே ரொச்டேல் என்ற ஊரின் ஏழை நெசவாளர் முதலானோர் 28 பேர் 1844ஆம் ஆண்டிலே 28 பவுண் முதலிட்டு ஒரு கடை திறந்தனர். மா, வெண்ணெய், சீனி, ஓட்மீல், மெழுகுதிரி என்ற சில சாமான்களே அதிலிருந்தன. கலப்பில்லாத சாமான், சரியான நிறை, கைக்காசு வியாபாரம், வாங்கியதற்கேற்ப இலாபப் பங்கு, அங்கத்தவருக்கு ஆளுக்கொரு வாக்கு என்பன அவர்களுடைய விதிகள். சொல்லப்போனால் இதிலே அதிசயம் ஒன்றும் இல்லை. நிறை சரியாக இருக்கவேண்டும் என்பது ஓர் அதிசயமா? ஆயினும் அந்நாளிலே மாவிற் கலப்பும் தராசிற் களவும் சாதாரணமாயிருந்தபடியால், நேர்மையான கொத்தொன்று உலகெங்கும் பரவும் இயக்கமாக வளர்ந்தது. இலங்கையிலே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றின. இரண்டாம் உலகப் போரின்போது உணவுப் பங்கீட்டுக்காகச் சங்கக்கடைகள் ஊரெங்கும் பெருகின. யாழ்ப்பாணத்தார் ஒருபடி மேலே போய், 1930களில் மூளாயிலே கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே அமைத்தனர். மானிப்பாயிலே அந்நியர் தந்த ஆஸ்பத்திரி. மூளாயிலே ஊரார் தம் சந்தாப் பணத்தால் எடுத்த ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சில மைல்களே. ஆனால் அந்தச் சில மைல்களை நடக்க எமக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன.

சங்கக்கடை என்றால் எல்லாம் தூய்மை என்று நாம் சொல்லவரவில்லை. தலைவர் பதவிக்கு அடிபடுவதையும், பங்கீட்டுச் சாமான் பின்கதவால் நடந்துபோவதையும் பெரியோர் எம்மிலும் நன்கு அறிவர். ஆனால் பின்கதவால் போயிற்று என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து சொல்லும் உரிமை அங்கத்தவருக்கு இருந்தது. அந்த உரிமையே நாம் இங்கு கருதுவது.

அண்மைக்காலத்தில் அந்த உரிமை இல்லாத கடன் எப்படியிருக்கும் என்பதையும் கண்டோம். 2009இல் யுத்தம் முடிந்தபின் நுண்கடன் கம்பெனிகள் வன்னிக்கும் குடாநாட்டுக்கும் வந்தன. கணவனை இழந்த பெண்களும், வீடும் தோட்டமும் இழந்த குடும்பங்களும் கடன் எடுத்தனர். வாரந்தோறும் மோட்டார்சைக்கிளிலே ஆள் வந்து வாசலில் நின்று தவணை கேட்டான். ஒரு கடனைத் தீர்க்க இன்னொரு கடன். பத்திரம் எந்த மொழியிலே இருந்தது, வட்டி எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கையொப்பமிட்ட பலருக்குத் தெரியாது. ஐந்து பேரைக் குழுவாக்கி ஒருவருக்கு மற்றவரைப் பிணைவைத்தபடியால், தவணை தவறியவளை அவளுடைய அயலவளே பகைத்தாள். ஊருக்குள்ளே கடன் வந்தது. ஊரின் உறவு வெளியே போயிற்று. 2018ஆம் ஆண்டிலே, வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வரவேண்டியதாயிற்று. அந்தக் கம்பெனிகளுள்ளும் கொப்பியும் பேனையும் வழங்கிப் படம் எடுத்துக்கொண்டவை உண்டு. படத்திலே எல்லோரும் சிரிக்கிறார்கள்.

உறவு என்பது ஒருவழிப் பாதையன்று. வணிகர் ஊருக்கு என்ன செய்தார் என்று கேட்கும் நாம், ஊர் வணிகருக்கு என்ன செய்தது என்றும் கேட்கவேண்டும். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கடைக்காரர் தென்னிலங்கைப் பட்டினங்களிலே சிங்களம் பேசி, சிங்களவரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவர். 1958இலும் 1977இலும் 1983இலும் தமிழர் கடைகள் எரிந்தன. அந்த நாட்களிலே தமிழ் அயலவரைத் தம் வீட்டிலே மறைத்துக் காத்த சிங்களவரும் இருந்தனர் என்பதை எம் பாட்டன்மார் நன்றியோடு சொல்வர். இதைப் பேசுவது எமக்கு எளிது. தீங்கு செய்தவர் பிறர்.

பேசக் கடினமானது மற்றது. யாழ்ப்பாணப் பட்டினத்திலே இரும்புக்கடையும் தையற்கடையும் புடவைக்கடையும் வைத்திருந்த முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக எம் அயலவர். எம்முடைய வீட்டுக் கிணற்றுக் கப்பியும் வாளியும் அவர்களுடைய கடையிலே வாங்கியவை. தமிழே அவர்களுடைய தாய்மொழி. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே, விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணப் பட்டினத்தாருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். துப்பாக்கிக்கு முன்னால் ஊரார் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் துப்பாக்கி மௌனமான பின்னர், திரும்பிவந்து கடை திறக்க முயன்றவர்களிடம் நாம் எத்தனை பேர் போய் ‘வாருங்கள் நானா, எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டோம்? அக்காலத்திலே நாம் பிறக்கவேயில்லை என்பது இதற்கு விடையாகாது. அவர்களுடைய பிள்ளைகளும் அப்போது பிறக்கவில்லை. புத்தளத்திலே பிறந்து வளர்ந்துவிட்டு இப்பொழுது வருகிறார்கள்.

இறுதியாக, எமது சங்கத்தைப் பற்றிச் சில சொற்கள். சங்கமும் ஒரு நிலையமே. வாசிகசாலை நடத்துகிறோம், இலவச வகுப்பு நடத்துகிறோம், வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. பணம் அனுப்பிய அன்பர்களுக்கு மாதந்தோறும் அறிக்கை போகிறது. நல்ல காரியம். ஆனால் வாசிகசாலைக்கு முன்னால் வெற்றிலை விற்கும் ஆச்சி, அந்தப் பணம் எவ்வளவு, எதற்குச் செலவாகிறது என்று கேட்டால் அவருக்குக் காட்டுவதற்கு எம்மிடம் என்ன இருக்கிறது? அறிக்கை மின்னஞ்சலிலே, ஆங்கிலத்திலே, கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்விட்டது.

ஆகவே வருகின்ற பொதுக்கூட்டத்திலே இரண்டு பிரேரணைகளைக் கொண்டுவர எண்ணியுள்ளோம். வரவுசெலவுக் கணக்கைத் தமிழிலே எழுதி, மாதந்தோறும் வாசிகசாலைக் கதவிலே ஒட்டவேண்டும் என்பது ஒன்று. இலவச வகுப்பை எங்கே, எந்த நேரத்தில் நடத்துவது என்பதை, இதுவரை அவ்வகுப்புக்கு ஒரு பிள்ளையையேனும் அனுப்பாத குடியிருப்புகளுக்கு நாம் போய், அங்குள்ள தாய்மாரைக் கேட்டபின் தீர்மானிக்கவேண்டும் என்பது மற்றது. அவர்கள் எம் மண்டபத்துக்கு வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பதிற் பயனில்லை. வராததற்குக் காரணம் மண்டபமாகவே இருக்கலாம். பொருளாளர் அவர்கள் முதற் பிரேரணையைப் பார்த்துப் புன்சிரிப்புச் சிரிக்கிறார். அது சம்மதமோ எதிர்ப்போ தெரியவில்லை. எதிர்ப்பதாயின் அன்றைக்கு வந்து எதிர்க்கலாம். கூட்டம் மாலை நாலு மணிக்கு.